முந்நூறு தடவை போன ஊர்

வியாழக்கிழமை இரவிலிருந்தே ஹெனாதியோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை சலமான்காவுக்கு வண்டி எடுக்க வேண்டும். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. லா பன்யேசாவிலிருந்து பத்தொன்பது வருஷமாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவன் அவன். சலமான்காவுக்கு மட்டும் முந்நூறு தடவை போயிருப்பான். இந்தத் தடவை அவன் மனைவி தெல்பீனாவும் வருகிறாள் என்பதுதான் புதிது.

இத்தனை வருஷமும் அவளால் வர முடிந்ததில்லை. அவளுக்கு ரொட்டிக்கடையில் வேலை, சனிக்கிழமைதான் அங்கே கூட்டம் நெரியும். இந்த மார்ச்சில் ஓய்வு பெற்றாள். மே மாதப் பயணப் பட்டியலை ஓய்வூதியர் சங்கம் கதவில் ஒட்டிய அன்றே முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நீ சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஊர் தெரியும். மீதியைக் கண்ணால பாத்துக்கறேன்" என்றாள்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஹெனாதியோ அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆற்றங்கரையில் பயணிகளை இறக்கிவிடுவான், வண்டியை மர நிழலில் நிறுத்துவான், மற்ற ஓட்டுநர்களோடு டோமினோ ஆடுவான், கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பின்சீட்டில் படுத்துத் தூங்குவான். சாயங்காலம் பயணிகள் வந்து ஏறுவார்கள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த சலமான்கா.

முதல் வருஷம் மட்டும் ஒருதரம் மேட்டில் இருக்கும் ஊருக்குள் ஏறிப் போனான். ஓட்டுநருக்கான நீலச் சட்டையோடு கூட்டத்தின் பின்னாலேயே நடந்து பேராலய வாசல் வரைக்கும் போய்விட்டான். அங்கே ஒரு அம்மாள் தன் மேல்கோட்டைக் கழற்றி, "கொஞ்சம் பிடிச்சுக்குங்க, உள்ள பாத்துட்டு வந்துடறேன்" என்று அவன் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி கொடுத்தாள். பிறகு ஆண்களும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நீலச் சட்டை போட்ட ஆள் அதற்குத்தான் கூட வருகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் அவன் கோட்டு மாட்டும் ஸ்டாண்டு மாதிரி வாசலில் நின்றான். அதற்கப்புறம் மேலே போகவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் தெல்பீனா, "எப்படி இருந்துது?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும் நடந்ததைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சட்டைப் பையில், வண்டியைப் பெருக்கும்போது கிடைத்த துண்டுப் பிரசுரம் ஒன்று இருந்தது. அதில் இருந்ததைச் சொன்னான். சுவர் முழுக்கச் சிப்பி பதித்த வீடு. பல்கலைக்கழக வாசலில் செதுக்கிய தவளை. பேராலயத்துக் கதவோரம், பழுது பார்த்தபோது புதிதாகச் செதுக்கிய விண்வெளி வீரன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். அடுத்த வாரம் செகோவியாப் பயணம், அந்த ஊர்ப் பிரசுரம். அதற்கடுத்து பூர்கோஸ். பயணிகள் சீட்டில் விட்டுப்போன காகிதம் எதையும் அவன் குப்பையில் போட்டதில்லை.

சனிக்கிழமை பத்தரைக்கு வண்டி ஆற்றங்கரையில் நின்றது. மஞ்சள் குடையோடு காத்திருந்த வழிகாட்டிப் பெண் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினாள். தெல்பீனா மட்டும் நகர்ந்து நின்றாள்.

"எங்களுக்கு வழிகாட்டி வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரருக்கு இந்த ஊரு கல்லு கல்லாத் தெரியும்."

கூட்டத்திலிருந்து பெத்ரா திரும்பிப் பார்த்தாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இன்னமும் ஊரில் எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தாள். "தவளை ஒரு ரொட்டி பெருசு இருக்கும்னு கடையில சொன்னியே தெல்பீனா. இன்னிக்கு நானே பாத்துடறேன்."

"பாரேன். யாரு வேண்டாம்னா?"

ஹெனாதியோ வண்டியின் கதவு பூட்டியிருக்கிறதா என்று மூன்றாவது தடவையாக இழுத்துப் பார்த்தான்.

பேராலயம் வரைக்கும் பிரச்சினை இல்லை. கோபுரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது. செங்குத்தான தெருவில் ஏறி அதன் பெரிய வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். உச்சியில் நாரைகள் கூடு கட்டி அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. தெல்பீனா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றாள்.

"சரி, விண்வெளி வீரன் எங்கே?"

ஹெனாதியோ கதவின் இடப்பக்கம் பார்த்தான். புனிதர்கள். வலப்பக்கம் பார்த்தான். இன்னும் புனிதர்கள். தேவதைகள், திராட்சைக் கொடிகள், ஒரு ஒட்டகம்கூட இருந்த மாதிரி இருந்தது. விண்வெளிக்குப் போகிற தோரணையில் யாரும் இல்லை.

"சுத்தம் பண்ண எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றான்.

"கல்லைப் பேத்து எடுத்துட்டா?"

"இப்பல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

அடுத்து சிப்பி வீடு. அவன் நம்பிக்கையோடு ஒரு தெருவில் திரும்பினான். அது ஒரு சலவைக் கடையையும், அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட சுவரையும் காட்டிவிட்டு முடிந்துபோனது.

"குறுக்கு வழியா?"

"கூட்டம் இல்லாத வழி."

இன்னொரு தெருவில் திரும்பினார்கள். வெயில் ஏறியது. அவள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். அவன் தெருப்பெயர்ப் பலகைகளை அவளுக்குத் தெரியாமல் உதட்டுக்குள் படித்துக்கொண்டே நடந்தான்.

"ஹெனாதியோ, இந்த மருந்துக்கடையை முன்னாடியே பாத்தோம்."

"இந்த ஊர்ல மருந்துக்கடை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"வாசல்ல அதே நாயி படுத்திருக்கே."

அப்போது கடைக்குள்ளிருந்து திபூர்சியோ வந்தான். பலென்சியா ஊர் வண்டியின் ஓட்டுநர், பெருத்த ஆள், கையில் ரத்த அழுத்த மாத்திரைப் பொட்டலம். ஹெனாதியோவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"யாருய்யா இது? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமயா மலையேறி மருந்துக்கடை வரைக்கும் வந்திருக்கே? பத்தொன்பது வருஷத்துல பஸ் நிக்கற இடத்தைத் தாண்டி உன்னை நான் பாத்ததே இல்லையே." பிறகுதான் தெல்பீனாவைக் கவனித்தான். "அம்மா யாரு?"

"இவரு பொண்டாட்டி" என்றாள் தெல்பீனா.

"அடடே. கேட்டுக்குங்கம்மா, டோமினோவுல உங்க ஆளை அடிச்சுக்க ஆள் கிடையாது. நாலாவது கை இல்லாம கீழ மூணு பேரும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். முடிஞ்சா அனுப்பி வைங்க." அவன் கையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான்.

நாய் எழுந்து வேறு பக்கம் திரும்பிப் படுத்தது. தெல்பீனா எதிரே இருந்த கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஹெனாதியோ பக்கத்தில் உட்கார்ந்தான், ஆனால் கொஞ்சம் இடம் விட்டு.

"செகோவியா?" என்றாள்.

"பஸ் நிறுத்தம்."

"பூர்கோஸ்?"

"பஸ் நிறுத்தம்தான். அங்க நல்ல நிழல்."

"ஆவிலா? கோட்டைச் சுவரு மேலயே சுத்தி வந்தேன்னு சொன்னே. கால் வலிக்குதுன்னு ரோஸ்மேரித் தைலம் போட்டுத் தேச்சு விட்டேன்."

"அது டயர் மாத்தின வலி."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நீலச் சட்டை, பேராலய வாசல், கோட்டுகள், சட்டைப் பையில் இருந்த காகிதம். சொல்லும்போது நாயைப் பார்த்தே சொன்னான்.

"உனக்கு என்ன, வீட்டுல சொல்லிட்டுப் படுத்துட்டே" என்றாள் அவள். "நான் மறுநாள் கடையில நின்னு சொன்னேன். ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு கதை. பாதி ஊரு உன் கதையைத் தின்னு வளந்திருக்கு. இன்னிக்குப் பெத்ரா ஒவ்வொண்ணா சரிபார்த்துக்கிட்டுத் திரியறா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா காலையில வாயை மூடிக்கிட்டு வந்தே?"

"தவளை நிஜமா இருக்கு. அதுல பொய் இல்ல. அளவுதான் நானா சொன்னது."

அவள் வெகுநேரம் பேசவில்லை. அவனுக்கு அந்த மௌனம் பழக்கம்தான்; வீட்டில் அது வந்தால் அவன் தோட்டத்துக்குப் போய்விடுவான். இங்கே போக்கிடம் இல்லை.

"எத்தனை கோட்டு?" என்றாள் கடைசியில்.

"பதினொண்ணு. ஒண்ணு ரோமத்தோலு. நல்ல கனம்."

"கீழ போட்டுட்டு உள்ள போயிருக்க வேண்டியதுதானே?"

"தரை ஈரமா இருந்துது."

தெல்பீனா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். குனிந்து செருப்பின் வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்குது. எந்திரி. இனிமே நான் முன்னால போறேன்."

முப்பது வருஷம் கடையில் நின்றவளுக்குத் தெரியாத ஆளிடம் பேசக் கூச்சம் கிடையாது. தெருக் கூட்டுகிறவரைக் கேட்டாள், தபால்காரியைக் கேட்டாள், பால்கனியில் துணி உலர்த்தியவளைக் கீழே நின்று கத்திக் கேட்டாள். அவள் கேட்டவர்கள் எல்லோரும் வழியைச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னார்கள். பத்தே நிமிஷத்தில் சிப்பி வீட்டின் முன்னால் நின்றார்கள். சுவர் முழுக்கக் கல் சிப்பிகள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன நிழல். ஹெனாதியோ கையை நீட்டி எட்டுகிற சிப்பி ஒன்றைத் தொட்டான். வெயிலில் கதகதப்பாக இருந்தது.

"இதைச் சரியாத்தான் சொன்னே" என்றாள் தெல்பீனா. அன்று அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

அடுத்த தெருவில் ஒரு ரொட்டிக்கடை. அங்கே ஓர்னாசோ வாங்கினாள், இறைச்சியும் சோரிஸோத் தொத்திறைச்சியும் முட்டையும் ரொட்டி மாவுக்குள் வைத்து மூடிச் சுட்டது. கடைக்காரியின் முன்னாலேயே கடித்து, கண்ணை மூடி மென்றாள்.

"பன்றிக் கொழுப்பு நல்லது. மாவு இன்னும் கால் மணி நேரம் ஊறியிருக்கணும்."

கடைக்காரி கைகளைத் துண்டில் துடைத்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தக் கடை?"

"லா பன்யேசா. முப்பது வருஷம்."

"புதுப் பையன் பிசைஞ்சது. காலையிலயே அவனைத் திட்டினேன்." பிறகு இருவரும் ஈஸ்ட்டைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள். ஹெனாதியோ இரண்டு துண்டு தின்று முடித்தான். இரண்டு நாளுக்குப் பிறகு சாப்பாடு இறங்கியது. கிளம்பும்போது கடைக்காரி சொன்னாள்: "தவளை எங்கயும் போயிடாது. முதல்ல துவென்யாஸ் கன்னியர் மடத்து முற்றத்துக்குப் போங்க. மதியம் மூடிடுவாங்க, சீக்கிரம்."

அந்த மடத்தைப் பற்றி எந்தப் பிரசுரத்திலும் ஹெனாதியோ படித்ததில்லை, அல்லது அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நடுவில் ரோஜாச் செடிகள், சுற்றிலும் தாழ்வாரம். மேல் தளத்துத் தூண்களின் தலையில் முகங்கள் செதுக்கியிருந்தன. ஆனால் தேவதை முகங்கள் இல்லை. பல்லை இளிக்கிறவர்கள், கன்னம் உப்பியவர்கள், பாதி ஆடு பாதி மனிதர்கள், வயிற்று வலிக்காரர்கள். ஆளரவமே இல்லை.

தெல்பீனா மூன்றாவது தூணின் முன்னால் நின்றாள். "இங்க வா. இது யாரு?"

அவன் பார்த்தான். தொங்கிய கீழுதடு, அகன்ற மூக்கு, எதையும் நம்பாத கண். "சங்கச் செயலாளர்" என்றான்.

"அச்சு அசல். இவரு எப்போ வந்து உக்காந்து போஸ் கொடுத்தாராம்?"

அதற்கப்புறம் அவர்கள் முகங்களைத் தேடிப் போனார்கள். பல் மருத்துவர் கிடைத்தார். அவளுடைய அத்தை மகள் கிடைத்தாள், கொம்போடு. ஒரு மூலையில் திபூர்சியோவேதான். தெல்பீனா சிரிப்பை அடக்கத் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஹெனாதியோவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கீழே முற்றத்தைக் கடந்த கன்னியாஸ்திரீ நிமிர்ந்து பார்த்துவிட்டு, தடுக்காமல் போனாள். வெளியே வரும் வழியில் மடத்துச் சாளரத்தில் பாதாம் பலகாரம் ஒரு பெட்டி வாங்கினார்கள். ஊருக்குக் கொண்டு போகத்தான் வாங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பெட்டி காலி.

சாப்பாட்டுக்குப் பிறகு பேராலயத்துக்குத் திரும்பினார்கள். விண்வெளி வீரனை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. அவன் பக்கவாட்டு வாசலில், இலைகளுக்கு நடுவே, சாவகாசமாகக் கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அதன் பிறகு இருவரும் உள்ளே போனார்கள். தூண்கள் ஏறிக்கொண்டே போய் மேலே கிளை விரித்தன. உயரம் எத்தனை என்று ஹெனாதியோவுக்குத் தெரியும், காகிதத்தில் எழுதியிருந்தது. உள்ளே இருந்த குளிர்ச்சியை அதில் எழுதியிருக்கவில்லை. பழைய மெழுகின் வாசனையையும், எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தால் அது கூரை வரைக்கும் போய்விட்டு வருவதையும் எழுதியிருக்கவில்லை. அவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். கைகள் காலியாக மடியில் கிடந்தன. இருபது நிமிஷம் அசையாமல் இருந்தான். தெல்பீனா எழுப்பவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அவனருகே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

பல்கலைக்கழக வாசல் முன்னால் எப்போதும் போல ஒரு கூட்டம் கழுத்தை வளைத்து நின்றது. தெல்பீனா அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கையைக் காட்டினாள். "சொல்லாதே. நானே கண்டுபிடிக்கறேன்."

அவனுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. வலப்பக்கத் தூண், மண்டையோட்டின் மேல் என்று வருஷக்கணக்கில் சொல்லியிருக்கிறான். இப்போது பார்த்தால் எது மண்டையோடு, எது பூக்கொத்து என்று தெரியவில்லை. மலை மாதிரி நின்ற கல்லில் விரல் வைக்க இடமில்லாமல் செதுக்கித் தள்ளியிருந்தார்கள். கால் மணி நேரம் ஓடியது. முன்னே போய்ப் பார்த்தான், பின்னே போய்ப் பார்த்தான், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"கிடைச்சுது" என்றாள் தெல்பீனா. அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "மூணு மண்டையோடு. இடது ஓரத்து மண்டை மேல."

இருந்தது. மண்டையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, ஒரு கொட்டை அளவுக்கு.

"இதையா ரொட்டின்னு சொன்னே? எங்கம்மா பூண்டு போட்டு வறுக்கிற தவளையோட கால் இதைவிட ஒரு விரல் பெருசு இருக்கும். இது ஒரு வாய்க்கு வராது."

மஞ்சள் குடை மூலை திரும்பி வந்தது. பின்னாலேயே லா பன்யேசாக் கூட்டம். களைத்துப்போய், முகம் சிவந்து, பாதிப்பேர் உட்கார இடம் தேடியபடி. வழிகாட்டிப் பெண் தவளையைக் காட்டியதும் பெத்ரா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு நேராக ஹெனாதியோவிடம் வந்தாள்.

"ஏப்பா ஹெனாதியோ, ரொட்டி பெருசுன்னே. எந்த ஊரு ரொட்டிப்பா அது?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவன் காது சூடாகியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"பெத்ரா, நீ நிக்கற இடத்துல இருந்து பாத்தா ஆடுகூடச் சுண்டெலியாத்தான் தெரியும்" என்றாள் தெல்பீனா. "மேல போய் அளந்துட்டு வந்தியா? இவரு அளவைச் சொன்னாரு. நான் கடையில ரெண்டு சேத்துச் சொல்லியிருப்பேன். ரொட்டி விக்கறவ ரொட்டின்னுதான் சொல்லுவா. மருந்து விக்கறவளா இருந்தா மாத்திரைன்னு சொல்லியிருப்பேன்."

சிரித்தார்கள். பெத்ராவே சிரித்துவிட்டாள். குடை நகர்ந்தது. கூட்டம் கால்களை இழுத்துக்கொண்டு பின்னால் போனது.

"நன்றி" என்றான் ஹெனாதியோ மெதுவாக.

"உனக்காக ஒண்ணும் இல்ல. நாளைக்கு நான் நம்ம ஊருத் தெருவுல நடக்கணும்."

வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெரிய சதுக்கத்துக்குப் போனார்கள். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. மாணவர்கள் நடுத் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து தெல்பீனாவும் கல் தரையில் உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் தரையில் உட்காருவதா என்று ஹெனாதியோ ஒரு நிமிஷம் தயங்கினான், பிறகு முட்டி சடசடக்க உட்கார்ந்தான். ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். வெயில் சாய்ந்தபோது நாலு பக்கத்துச் சுவர்களும், அத்தனை வளைவுகளும் ஜன்னல்களும், நன்றாகச் சுட்ட ரொட்டியின் மேல்தோல் நிறத்துக்கு வந்தன.

"இதைப் பத்தி நீ சொல்லவே இல்லையே" என்றாள்.

"நோட்டீஸ்ல படம் கறுப்பு வெள்ளை."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவன் பாதங்கள் எரிந்தன. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சலமான்கா பயணத்தில் அவன் பாதம் எரிந்தது இதுதான் முதல் தடவை. எழுந்திருக்கவே மனமில்லை.

ஏழு மணிக்கு எல்லோரும் ஏறி முடித்தார்கள். தெல்பீனா முன்னால், வழிகாட்டிக்கென்று இருக்கும் மடிப்பு இருக்கையை இறக்கி உட்கார்ந்தாள். சமோரா ஊரைத் தாண்டியதும் பின்னால் பேச்சு அடங்கிக் குறட்டை கிளம்பியது. இரண்டு பக்கமும் பச்சைக் கோதுமை. இடப்புறமிருந்து சூரியன் கண்ணில் அடித்தது. ஹெனாதியோ மறைப்பை இறக்கிக்கொண்டான்.

தூங்காத ஒரே ஆள் பெத்ரா. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஜூன்ல பூர்கோஸ் போடலாமான்னு செயலாளர் கேக்கறாரு. ஹெனாதியோ, உனக்குத்தான் தெரியுமே, வயசானவங்களுக்கு ஏத்த ஊரா? படி நிறையவா?"

அவன் ஓரக்கண்ணால் தெல்பீனாவைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நிக்கற இடம் நல்ல இடம் பெத்ரா" என்றான். "நிழல் உண்டு, கழிப்பறை சுத்தம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. நான் போனதில்ல."

பெத்ரா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "போனதில்லையா?"

"முதல்ல போடச் சொல்லு" என்றாள் தெல்பீனா. "ரெண்டு சீட்டு எங்களுக்கு."

"ஓட்டறவனுக்கு எதுக்கு சீட்டு?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெத்ரா தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் தெல்பீனா செருப்பைக் கழற்றி, வீங்கிய கால்களை முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த திண்டில் நீட்டி வைத்துக்கொண்டாள். அவளுடைய இரண்டு குதிகால்களிலும் கொப்புளம். ஓடுகிற வண்டியில் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது, இத்தனை வருஷத்தில் வழிகாட்டிகள் எத்தனையோ பேரை அவன் அதற்காகக் கடிந்திருக்கிறான். இப்போது வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தான்.